கற்பதை நிறுத்தாத பல் வைத்தியர்: ஜி. வி. பிளாக்

பல் வைத்தியரின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தவாறு அமர்ந்திருக்கும் நோயாளிக்கு நம்பிக்கையைத் தவிர வேறு துணை இல்லை. தமது வாயினுள் என்ன நடைபெறுகின்றது என்பதை அவரால் பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது. பல்லைக் குடைந்து அடைப்பதா, குடையாமலேயே காப்பதா, பிடுங்கி எறிவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கின்றார். அத்தீர்மானம் இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பல்கலைக்கழகத்தில் கற்ற பாடத்திலிருந்து வருகின்றதா, அண்மையில் வெளிவந்த ஆய்வுகளிலிருந்து வருகின்றதா என்பதை அறியும் வாய்ப்பு நோயாளிக்கு அறவே இல்லை. இக்காரணம் பற்றியே பிரித்தானியாவின் பொதுப் பல் மருத்துவப் பேரவை 2002ஆம் ஆண்டில் பல் வைத்தியர்களுக்குத் தொடர் வாண்மை விருத்தியைக் கட்டாயமாக்கியது. 2018ஆம் ஆண்டில் அவ்விதி மேலும் இறுக்கப்பட்டு, ஐந்தாண்டுக் காலத்தினுள் ஆகக்குறைந்தது 100 மணித்தியாலக் கற்றலுக்கேனும் சான்று காட்ட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. மணித்தியாலங்களை எண்ணுவதால் அறிவு வளருமா என்ற விவாதம் அதனுடன் ஓய்ந்துவிடவில்லை. எமக்கென்னவோ, இவ்விவாதத்தில் இறங்குமுன் நூறாண்டுகளுக்கும் மேலாக மறைந்து கிடக்கும் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்ப்பது பயனுடையதாகத் தோன்றுகின்றது. நவீன பல் மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் கிறீன் வார்டிமன் பிளாக் ஒரு நாளேனும் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்ததில்லை.

1836ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் வின்செஸ்டர் என்னும் சிற்றூரை அண்டிய பகுதியில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிளாக் பிறந்தார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்குச் சொற்பமே கிடைத்தது. காடும் வயலும் விலங்கும் பறவையுமே அவரது முதற் பாடநூல்கள். பதினேழாவது வயதில், வைத்தியராகத் தொழில் புரிந்த தமது மூத்த சகோதரர் தோமஸிடம் சென்று, அவருக்கு உதவியாளராக இருந்துகொண்டே மருத்துவம் பயின்றார். 1857இல் மவுண்ட் ஸ்டேர்லிங் என்னும் ஊரில் பல் வைத்தியம் செய்துவந்த ஸ்பியர் என்பவரிடம் சிறிது காலம் தொழில் பழகினார். அவ்வளவுதான் அவரது தொழிற்கல்வி. அதே ஆண்டில் வின்செஸ்டரில் தமது சொந்தச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

இதனை இன்றைய கண்கொண்டு நோக்கி வியப்படைய வேண்டியதில்லை. உலகின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரி 1840இலேயே பால்டிமோரில் தொடங்கப்பட்டிருந்தது. அக்கால அமெரிக்கப் பல் வைத்தியர்களுட் பெரும்பாலானோர் குருவிடம் சிலகாலம் பழகித் தொழிலுக்கு வந்தவர்களே. எமது மானிப்பாயிலும் ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் உள்ளூர் இளைஞரைத் தம் அருகே இருத்தி மேலைத்தேய வைத்தியம் பழக்கிக்கொண்டிருந்தார் என்பதும், பின்னாளில் அதற்கான நூல்களையே தமிழில் ஆக்கினார் என்பதும் எமது வாசகர்கள் அறிந்ததே. குருவிடம் பழகுவதில் குறையொன்றும் இல்லை. குரு அறிந்த அளவே சீடனும் அறிவான் என்பதே அம்முறையின் எல்லை. அந்த எல்லையை பிளாக் எவ்வாறு தாண்டினார் என்பதில்தான் இவ்வாழ்க்கையின் சுவை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இடையில் உள்நாட்டு யுத்தம் குறுக்கிட்டது. வட தரப்புப் படையில் சேவையாற்றிய பிளாக், முழங்காலில் ஏற்பட்ட காயத்துடன் வீடு திரும்பினார். இளம் மனைவியையும் அவ்வாண்டுகளிலேயே பறிகொடுத்தார். 1864இல் ஜக்சன்வில் என்னும் நகருக்கு இடம்பெயர்ந்து, மறுமணம் செய்து, அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். ஜக்சன்வில் பெருநகரமன்று. அங்கு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. கேட்டறிவதற்குப் பேராசிரியரும் இல்லை. ஒதுக்குப்புறத்தில் தனித்து நின்று தொழில் செய்யும் ஒரு வைத்தியருக்கு இன்றும் உள்ள இடர்ப்பாடுகள் யாவும் அவருக்கும் இருந்தன.

அவர் பற்றிக்கொண்ட முதலாவது துணை சங்கமாகும். 1865இல் இல்லினோய் மாநிலப் பல் மருத்துவச் சங்கம் உருவாயிற்று. சில ஆண்டுகளிலேயே பிளாக் அதன் முன்னணி அங்கத்தவராகவும் தலைவராகவும் விளங்கினார். இச்சங்கக் கூட்டங்களை விருந்துபசார வைபவங்களாக எண்ணிவிடலாகாது. ஒருவர் தமது கட்டுரையை வாசிப்பார். ஏனையோர் அதனைக் கிழித்தெறியாத குறையாகக் கேள்வி கேட்பார்கள். கட்டுரையும் கேள்வியும் மறுமொழியும் அச்சில் வெளிவரும். அக்காலப் பல் வைத்தியத்தில் தொழில் நுட்பங்களைப் பரம இரகசியமாக வைத்துக்கொள்வது வழமையாக இருந்தது என்பதை மனதிற் கொண்டால் இதன் பெறுமதி விளங்கும். இறப்பரினால் பொய்ப்பல் தாங்கி செய்யும் முறைக்கு உரிமம் வைத்திருந்த ஒரு கம்பனி, அதனைக் கையாண்ட வைத்தியர்களை நாடெங்கும் நீதிமன்றங்களுக்கு இழுத்தடித்தது. அக்கம்பனியின் பொருளாளர் 1879இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பல் வைத்தியரின் துப்பாக்கிக்கு இரையாகும் அளவுக்கு அப்பகை முற்றியது. அறிவைப் பூட்டி வைத்த ஒரு தொழிலில், தமது கைவேலையைத் தாமே கூட்டத்தின் நடுவே விரித்து வைத்துக் குறை கேட்பதற்குத் தனித்துணிவு வேண்டியிருந்தது.

இரண்டாவது துணை அவர் தாமே தேடிக்கொண்ட கல்வி. இரசாயனவியலைத் தாமே கற்றார். நுணுக்குக்காட்டியைக் கையாளப் பழகினார். மருத்துவ அறிவின் புதிய ஊற்று அக்காலத்தில் ஜேர்மன் மொழியிலேயே பெருக்கெடுத்தமையால், அதனை மூலத்திலேயே பருகுவதற்காக அம்மொழியையும் படித்துக்கொண்டார். நுண்ணங்கிகளே நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கை ஐரோப்பாவில் நிலைபெற்று வந்த காலம் அது. 1884இல், நுண்ணங்கிகள் நச்சுப்பொருள்களை உண்டாக்கும் விதம் பற்றி பிளாக் எழுதிய நூல் வெளிவந்தது. பகல் முழுவதும் நோயாளிகளின் வாயினுட் குனிந்து நின்ற ஒருவர், இரவு விளக்கொளியில் தேடிச் சேர்த்த அறிவின் விளைச்சல் அது. நுண்ணங்கிகள் உண்டாக்கும் அமிலமே பற்சூத்தைக்கு வழிகோலுகின்றது என்று பேர்லினிலிருந்து நிறுவிய மில்லரின் பெயரால் சர்வதேசப் பல் மருத்துவ சம்மேளனம் ஏற்படுத்திய பரிசு, 1910இல் முதன்முதலாக பிளாக்குக்கே வழங்கப்பட்டது.

அவரது கைத்திறனும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. காலால் மிதித்துச் சுழற்றும் பற்துளை கருவியொன்றை 1870ஆம் ஆண்டளவில் அவரே வடிவமைத்தார். தமக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்தார். பின்னர் அக்கருவிகளின் அலகு அகலம், நீளம், கோணம் ஆகியவற்றை எண்களால் குறிக்கும் முறையொன்றையும் வகுத்தார். எந்த நாட்டு வைத்தியரும் அவ்வெண்களைப் பார்த்த மாத்திரத்தில் கருவியை இனங்காண முடிந்தது.

1870 தொட்டு பத்தாண்டுகள் சென் லூயிஸ் நகரிலுள்ள மிசூரி பல் மருத்துவக் கல்லூரியில் அவர் விரிவுரையாற்றினார். பட்டதாரிகளை உருவாக்கிய ஆசிரியரிடம் பட்டம் இல்லாதிருந்த விந்தையை அக்கல்லூரி 1877இல் கௌரவப் பட்டம் வழங்கித் தீர்த்துவைத்தது. 1881இல் இன்னுமொரு விந்தை நிகழ்ந்தது. இல்லினோய் மாநிலம் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றி, தொழில் புரிய வருவோரின் தகைமையைப் பரிசீலிக்கும் சபையொன்றை அமைத்தது. அச்சபையின் தலைமை, பரீட்சை எழுதிப் பட்டம் பெறாத பிளாக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். போலிகள் மலிந்திருந்த காலத்தில் அது பெரும் பாதுகாப்பாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் இத்தகைய சட்டங்கள் யாவும் வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றவை. உள்ளே நுழையும்போது ஒருமுறை கேள்வி கேட்கும். நுழைந்த பின்னர் நாற்பது ஆண்டுகள் ஒருவர் என்ன செய்கின்றார் என்று திரும்பிப் பார்க்காது. அந்த நாற்பது ஆண்டுகளை நிரப்பும் பொறுப்பு வைத்தியரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டிருந்தது. பிளாக்கின் மனச்சாட்சி இவ்விடயத்தில் மிகவும் கறாரானது. தொழில் வல்லுநர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் ஒருவருக்கு மாணவராக இருப்பதை நிறுத்திவிடும் உரிமையே கிடையாது என்பது அவரது நிலைப்பாடு. கற்பதை நன்மை தரும் ஒரு பழக்கமாக அன்றி, நோயாளிக்குச் செலுத்த வேண்டிய கடனாகவே அவர் கருதினார்.

அக்கடனை அவர் எவ்வாறு செலுத்தினார் என்பதற்கு இரசக்கலவையின் கதையைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை.

வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் குழைத்துப் பல்லின் குழியில் அடைக்கும் வழக்கத்தை 1833ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த குரோக்கர் சகோதரர்கள் நியூயோர்க் நகரில் புகுத்தினார்கள். தங்கத்தால் அடைப்பது செலவும் சிரமமும் மிக்கது, இதுவோ மலிவானது. ஆனால் பயிற்சியற்றவர்களின் கையில் அது பாழ்வேலையாக முடிந்தது. அடைப்பு சுருங்கி விளிம்பில் இடைவெளி விழுந்தது, அல்லது வீங்கிப் பல்லைப் பிளந்தது. 1840இல் அமைக்கப்பட்ட அமெரிக்கப் பல் சத்திரசிகிச்சையாளர் சங்கம் இதனைக் கண்டு வெகுண்டெழுந்து, இரசக்கலவையைத் தொடுவதில்லை என்று அங்கத்தவர்களிடம் உறுதிமொழிக் கையொப்பம் கேட்டது. மறுத்தவர்கள் வெளியேற நேர்ந்தது. விளைவாகச் சங்கமே பிளவுண்டு 1856இல் கலைந்து போயிற்று. ஒரு தரப்பார் அது நஞ்சு என்றனர். மறு தரப்பார் அது வரப்பிரசாதம் என்றனர். இரு தரப்பாரிலும் எவரும் அதனை முறையாக அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பிளாக் அளந்தார். 1890களில், முதலில் பற்களையே சோதனைக்கு உட்படுத்தினார். சிலருக்குப் பல் மென்மையானது, ஆகவே சூத்தை பிடிக்கின்றது என்ற நம்பிக்கை அக்காலத்தில் வைத்தியர்களிடையே வேரூன்றியிருந்தது. பற்களின் அடர்த்தியையும் உறுதியையும் சுண்ணாம்புச் சத்தையும் அளந்த பிளாக், சூத்தை பிடிப்பதற்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை என 1895இல் வெளிவந்த தமது ஆய்வுக் கட்டுரைகளில் காட்டினார். மனிதர் கடிக்கும்போது பிறப்பிக்கும் விசையை அளப்பதற்கெனவே ஒரு கருவியை உருவாக்கி, அடைப்புகள் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டார். அதன்பின் இரசக்கலவைக்கு வந்தார். உலோகங்களின் விகிதாசாரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு கலவையும் இறுகும்போது எவ்வளவு சுருங்குகின்றது, எவ்வளவு விரிகின்றது என்பதை நுண்ணிய அளவுகோல்களால் பதிவு செய்தார். ஒரே கலவை சில வேளை சுருங்கியும் சில வேளை விரிந்தும் பலரைக் குழப்பியது. அதற்கான காரணம், புதிதாகச் சீவிய உலோகத் தூளும் நாட்பட்ட தூளும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதே என்பதை அவர் கண்டறிந்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளி, நான்கில் ஒரு பங்கு வெள்ளீயம், எஞ்சிய சிறு பங்கு வேறு உலோகங்கள் என அவர் எட்டிய சமநிலையே பின்வந்த ஏழு தசாப்தங்கள் வரை உலகெங்கும் இரசக்கலவைக்கு அடிப்படையாக விளங்கியது. உறுதிமொழிப் பத்திரத்தால் தீராத ஐம்பதாண்டுச் சண்டை அளவுகோலால் தீர்ந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது. தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பலரும் ஓய்வை எண்ணும் வயதில் அவரது மிகச் சிறந்த ஆய்வு முடிந்தது என்பதை எமது இளம் வைத்தியர்கள் மட்டுமன்றி மூத்தோரும் கவனத்திற் கொள்வது நன்று.

1891இல் சிகாகோவின் நோத்வெஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த பிளாக், 1897இல் அங்கு பல் மருத்துவ பீடத்தின் பீடாதிபதியானார். பல்லின் பகுதிகளையும் பக்கங்களையும் குறிக்கும் பெயர்கள் ஆளுக்கொன்றாகக் கிடந்த நிலையை மாற்றி, கலைச்சொற்களை ஒழுங்குபடுத்துவதிலும் அவர் பெரும் பங்காற்றினார். பொதுவான சொல் இல்லாத இடத்தில் ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் பயன்படாது என்பதைக் கலைச்சொல்லுக்காகப் பலகாலம் மல்லுக்கட்டிய தமிழர்களாகிய நாம் நன்கறிவோம். பற்குழிகளை அவை தோன்றும் இடத்தைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்து எண்ணிட்ட முறையும் அவருடையதே. 1908இல் இரு பாகங்களாக வெளிவந்த அவரது சிகிச்சைமுறை நூல், தலைமுறைகளின் வேதமாயிற்று.

அதற்கு முன்னரே, தொழிலிலிருந்த வைத்தியர்கள் பலர் கூடி அவரது முறைகளைப் பயில்வதற்கெனப் படிப்பு வட்டங்களை அமைத்துக்கொண்டார்கள். மின்னசோட்டா மாநிலத்தின் சென் போல் நகரில் இயங்கிய அத்தகைய கழகம் பிளாக்கின் பெயரையே தாங்கியிருந்தது. இவ்வட்டங்களில் விரிவுரை கேட்டுவிட்டுத் தேநீர் அருந்திக் கலைவதில்லை. ஓர் அங்கத்தவர் ஏனையோர் முன்னிலையில் நோயாளியின் பல்லை அடைப்பார். மற்றவர்கள் குழியின் விளிம்பைப் பார்வையிட்டு மதிப்பிடுவார்கள். தொடர் வாண்மை விருத்தி என்று இன்று நாம் நீட்டி முழக்கும் பொருளின் ஆதி வடிவம் இது. எவரது கட்டளையும் இன்றி, எவரது சான்றிதழும் இன்றி நடைபெற்றது.

இதுவரை கூறியவை புகழ்மாலை போலத் தோன்றக்கூடும். ஆனால் பிளாக்கின் வாழ்க்கை எமக்கு உணர்த்தும் கூரிய உண்மை அவரது வெற்றியில் இல்லை. அவரது பாடம் காலாவதியான விதத்தில் உள்ளது.

1891இல் அவர் ஒரு கொள்கையை முன்வைத்தார். சூத்தை பிடித்த பகுதியை மாத்திரம் அகற்றி அடைத்தால் அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சூத்தை தோன்றும்; ஆகவே குழியின் எல்லையை, உணவுத் துணுக்குகள் தங்காது இயல்பாகவே துப்புரவாகும் பகுதி வரை விரித்து வெட்ட வேண்டும் என்பது அக்கொள்கை. தடுப்பதற்காக விரித்தல் என்று அது அழைக்கப்பட்டது. அன்றைய நிலையில் இது முற்றிலும் நியாயமானதே. பல்லோடு ஒட்டும் பொருள் அன்று இல்லை. புளோரைட்டின் பயன் தெரியாது. பற்பசையும் தூரிகையும் எல்லோர் வீட்டிலும் இல்லை. இரசக்கலவை நழுவாது நிற்பதற்குக் குழியும் ஆழ அகலமாகவே இருந்தாக வேண்டும். அவ்வாறு விரித்து வெட்டியதால் அன்று எத்தனையோ பற்கள் பிழைத்தன.

பின்னர் காலம் மாறியது. 1945இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரபிட்ஸ் நகரில் குடிநீருக்குப் புளோரைட்டு சேர்க்கப்பட்டது. 1955இல் மைக்கல் பியூனகோர் என்னும் ஆய்வாளர், பல்லின் மேற்பரப்பை மென்னமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் அதில் இறுக ஒட்டிக்கொள்ளும் எனக் காட்டினார். இவற்றின் பின்னர் ஆரோக்கியமான பற்பகுதியை வெட்டி எறிவதற்கான நியாயம் படிப்படியாகக் கரைந்தது. ஆயினும் வெட்டும் கைகள் உடனே நின்றுவிடவில்லை. இளமையில் பிளாக்கின் நூலைக் கற்று, அத்துடன் படிப்புக்கு மங்களம் பாடியவர்கள், பல தசாப்தங்கள் கடந்தும் வெட்டத் தேவையற்ற பல்லை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை அகற்றிய பல் மீண்டும் வளர்வதில்லை. பெரிய குழியில் பெரிய அடைப்பு. அது உடைந்தால் அதனினும் பெரியது. ஈற்றில் பல்லே இல்லை. அந்த வைத்தியர்கள் கவலையீனமானவர்கள் அல்லர். தாம் கற்றதைச் செம்மையாகவே செய்தார்கள். செம்மையாகச் செய்யப்பட்ட பழைய வேலையின் விலையை நோயாளியே செலுத்தினார். மாணவராக இருப்பதை நிறுத்தலாகாது என்ற பிளாக்கின் நிலைப்பாட்டை மறந்துவிட்டு, அவரது வெட்டுமுறையை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டதால் நேர்ந்த கேடு இது. அவர் செப்பனிட்ட இரசக்கலவைக்கும் அதே கதிதான். பாதரசம் சூழலை மாசுபடுத்துவதைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைகள் தவிர ஏனையவற்றில் அதன் பாவனையைத் தடை செய்துள்ளது.

ஆகவேதான் மணித்தியாலக் கணக்கை முற்றாக இகழ்வோருடன் எம்மால் உடன்பட முடியவில்லை. எல்லோரும் பிளாக்காகப் பிறப்பதில்லை. தானாகக் கற்காதவரைக் கற்கச் செய்வதற்குச் சட்டத்தின் கை தேவைப்படுகின்றது. அது நோயாளிக்குரிய குறைந்தபட்சப் பாதுகாப்பு. அதேவேளை, நட்சத்திர விடுதி மண்டபத்தில் பின்வரிசையில் அமர்ந்து கையொப்பமிட்டுப் பெறும் சான்றிதழை ஒரு கற்றலாக எண்ணிவிடவும் முடியாது. பிளாக்கின் காலத்து வட்டங்களில் இருந்த இரு அம்சங்களை இன்றைய ஏற்பாடுகள் பல இழந்து நிற்கின்றன. அங்கு வைத்தியர் தமது நாற்காலியில் எழுந்த கேள்வியோடு வந்தார். தமது வேலையைச் சக வைத்தியரின் கண்ணுக்கு முன்னே வைத்தார். இவ்விரண்டும் இல்லாத நூறு மணித்தியாலங்கள் எதனையும் மாற்றப் போவதில்லை. தலைநகரையும் பேராதனையையும் விட்டுத் தொலைவில், ஒரு பிரதேசத்துக்கே தனியொருவராக நின்று பற்களைப் பிடுங்கியும் அடைத்தும் களைத்துப்போகும் வைத்தியருக்கு நேரமும் பிரயாண வசதியும் பதில் வைத்தியரும் வழங்காமல் கற்றலை மாத்திரம் வற்புறுத்துவதும் நீதியாகாது. கூட்டம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே எமது எண்ணம்.

தொலைவிலிருந்து எழும் கேள்விக்கு என்ன மதிப்பு உண்டு என்பதற்கு பிளாக்கின் இறுதி ஆண்டுகளே சான்று. 1901இல் பிரெட்ரிக் மக்கே என்ற இளம் பல் வைத்தியர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த பலரது பற்களில் பழுப்புக் கறைகள் படிந்திருந்தன. அவை தேய்த்தாலும் போகவில்லை. நூல்களில் தேடினார், எதிலும் இல்லை. ஊர் மக்களோ அதனைப் பெரிதுபடுத்தவில்லை. மக்கே விடவில்லை. சக வைத்தியர்களைத் திரட்டி ஆராயத் தொடங்கி, ஈற்றில் சிகாகோவிலிருந்த பிளாக்குக்கு விடயத்தை அறிவித்தார். இத்தகையதொரு நிலை உண்மையிலேயே இருந்தால் அது இதுவரை நூல்களில் இடம்பெறாதிருக்குமா என்று பிளாக் முதலில் ஐயுற்றார். ஐயுற்றவர் அத்தோடு கடிதத்தை மூடி வைத்துவிடவில்லை. 1909இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், கொலராடோவுக்கே பிரயாணமானார். அவ்வூரிற் பிறந்த பிள்ளைகளுட் பத்துக்கு ஒன்பது பேர் வரையில் அக்கறை காணப்பட்டதை ஆய்வு காட்டியது. உலகம் போற்றிய பீடாதிபதி, சிற்றூர் வைத்தியரின் கேள்விக்கு மாணவரானார்.

இருவரும் இணைந்து நிகழ்த்திய ஆய்வில் இரு உண்மைகள் வெளியாயின. அக்கறை, குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போதே பல்லின் மேலுறையான மிளிரியில் ஏற்படும் குறைபாடு என்பது ஒன்று. வளர்ந்த பின் அவ்வூருக்கு வந்தவர்களை அது தொடுவதில்லை. கறைபடிந்த அப்பற்களில் சூத்தை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பது மற்றையது. காரணம் குடிநீரில் இருக்கலாம் என மக்கே சந்தேகித்தார். அது இன்னதென்று பிளாக் அறியவில்லை. 1915ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி அவர் காலமானார். பல் நோயியல் பற்றிய அவரது இறுதிப் பெருநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கொலராடோ ஆய்வு மறு ஆண்டில் அவரது பெயரையும் தாங்கி அச்சேறியது. 1931இல் சேர்ச்சில் என்னும் இரசாயனவியலாளர் அந்த நீரில் மிகுந்திருந்த பொருள் புளோரைட்டு எனக் கண்டுபிடித்தார். அதன்பின் ட்ரென்ட்லி டீன் என்ற அரச பல் வைத்தியர், கறைபடியாமல் சூத்தையைத் தடுக்கும் அளவு எவ்வளவு என்பதை வரையறுத்தார். கிராண்ட் ரபிட்ஸ் குடிநீர்த் திட்டம் பிறந்தது இவ்வழியாகவே.

அந்தப் பழுப்புக் கறை எமக்கும் அந்நியமானதன்று. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் ஆழ்கிணற்று நீரில் புளோரைட்டு மிகுந்திருப்பதால், அங்கு வளர்ந்த பலரது சிரிப்பில் அக்கறையைக் காணலாம். வெற்றிலையின் கறையென்றும் பல் துலக்காத சோம்பலென்றும் அதனைப் பரிகசிப்போர் உளர். அது நீரின் வேலை என்று ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு விளக்கும் வைத்தியர், அறிந்தோ அறியாமலோ மக்கேயும் பிளாக்கும் விட்டுச்சென்ற பாடத்தையே ஒப்புவிக்கின்றார்.

தந்தையின் வழியில் பல் மருத்துவரும் பின்னாளில் அதே பீடத்தின் பீடாதிபதியுமான ஆதர் பிளாக், 1839 முதல் ஆங்கிலப் பல் மருத்துவ சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளைத் தேடி எடுப்பதற்கான அட்டவணையை உருவாக்குவதில் தம் உழைப்பைச் செலவிட்டார். ஒதுக்குப்புற வைத்தியர் ஒருவர் தமது சந்தேகத்துக்குரிய விடை ஏற்கனவே எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா என அறிய அது வழிவகுத்தது. ஜக்சன்வில்லில் விளக்கொளியில் தனித்துத் தேடிய தந்தைக்கு அப்படியொன்று வாய்த்திருக்கவில்லை.

சிகாகோவின் லிங்கன் பூங்காவில் 1918இல் பிளாக்குக்குச் சிலை எழுப்பப்பட்டது. அவர் பீடாதிபதியாக வீற்றிருந்த நோத்வெஸ்டன் பல் மருத்துவ பீடம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. விரித்து வெட்டும் அவரது முறை பாடத்திட்டங்களில் வரலாறாக மட்டும் எஞ்சியிருக்கின்றது. பற்குழிகளுக்கு அவர் இட்ட வகுப்பு எண்கள் மாத்திரம், நோயாளிகளின் சிகிச்சைப் பதிவேடுகளில் இன்றும் எழுதப்பட்டு வருகின்றன.